சாய்ந்த தரை, சவப்பெட்டிக் கடை: மெம்பிஸிலிருந்து மசில் ஷோல்ஸ் வரை

முதல் நாள்

அமெரிக்காவின் பழைய இசைப்பதிவு ஸ்டுடியோக்களைப் பார்க்க நானும் தம்பியும் போன ஐந்து நாள் பயணம் இது. விடிவதற்கு முன்பே அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, வழியில் ஒரே ஒரு காபிக்கு மட்டும் வண்டியை நிறுத்தி, மதியத்துக்குள் மெம்பிஸ் விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். தம்பி டல்லாஸிலிருந்து பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, சாப்பாடு அப்புறம். முதல்ல யூனியன் அவென்யூ" என்றான். சரி என்று நேராக அங்கேயே விட்டேன்.

706, யூனியன் அவென்யூ. சன் ஸ்டுடியோ. தெருமுனையில் ஒரு சின்ன செங்கல் கட்டடம், வெளியே ஒரு பெரிய கிட்டார் தொங்குகிறது. உள்ளே போனால் ரெக்கார்டிங் நடந்த அறை மொத்தமே நம் ஊர் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு அளவுதான் இருக்கும். கூரையில் அலை அலையாக மடித்து ஒட்டிய ஓடுகள். 1950 ஜனவரியில் சாம் ஃபிலிப்ஸ் இந்த இடத்தைத் திறந்தபோது கல்யாணம், இழவு, கூட்டம் எதுவானாலும் பதிவு செய்து தருவோம் என்று விளம்பரம் செய்துதான் வாடகை கட்டினார். ஆனால் அவருக்கு உள்ளூர ஆசை வேறு. மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளிலிருந்து வரும் கறுப்பினப் பாடகர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. அன்றைய மெம்பிஸில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட இன்னொரு ஸ்டுடியோ கிடையாது.

1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து கார் ஏறி வந்தது. வரும் வழியில் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் அடிபட்டு உள்ளே இருந்த ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துபோயிற்று. வேறு ஆம்ப் தேடிப்போக நேரமும் இல்லை, காசும் இல்லை. கிழிசலில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். கரகரவென்று, தொண்டை கட்டியவன் பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஆம்பைச் சரிசெய்து கொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள், சாம் அந்தக் கரகரப்பை அப்படியே முன்னால் தூக்கி வைத்தார். அதுதான் 'ராக்கெட் 88', ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வந்தது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் அந்தப் பட்டியலில் இந்தப் பாட்டு இல்லாமல் யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

ஹெட்போனில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அதே அறையில் நின்று கேட்டபோது அந்தக் கரகரப்பு என் காதுக்குப் புதிதாக இருந்தது. தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தரையில் கறுப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லி நின்ற இடம். 1954 ஜூலை 5 சாயங்காலம், 19 வயதுப் பையன். கூட ஸ்காட்டி மூர் கிட்டார், பில் பிளாக் பேஸ், டிரம்ஸ் ஆள் கிடையாது. மெதுவான பாட்டுகளாகப் பாடிப் பாடி எதுவும் சரிவராமல் ஓய்வுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், எல்விஸ் விளையாட்டாக எழுந்து குதித்துக்கொண்டு கறுப்பர்களின் ஒரு பழைய புளூஸ் பாட்டை எடுத்தார். ஆர்தர் கிரூடப் 1940-களில் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்'. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாம் கதவைத் திறந்து, என்ன செய்கிறீர்கள், அதையே முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குச் சில நாட்கள் கழித்து நடந்தது. உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட, போன் மேல் போன் வந்தது. எல்விஸோ கூச்சத்தில் சினிமாக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டிருந்தார், அம்மாவும் அப்பாவும் போய்த் தேடிப்பிடித்து அனுப்பினார்கள். டூயி பேட்டியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டார். ஹியூம்ஸ் ஹைஸ்கூல் என்று பதில் வந்தது. கேள்வி அதற்காகத்தான். ஹியூம்ஸ் வெள்ளையர் பள்ளி. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் பாடியவரைக் கறுப்பர் என்றே நினைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டது. நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் "எந்தத் தெரு?" என்று கேட்பதன் பொருள் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாட்டை எழுதிய கிரூடப்புக்கு நியாயமான ராயல்டி கடைசிவரை போய்ச் சேரவில்லை. எல்விஸ் ஜெயித்த பிறகு சாம் ஃபிலிப்ஸ் கறுப்பினக் கலைஞர்களைப் பதிவு செய்வதையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். சன் கம்பெனிக்கு 1953-ல் முதல் ஹிட் கொடுத்தவர் ரூஃபஸ் தாமஸ், அவர் இந்த வருத்தத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். சாம் செய்த நல்லதையும் இந்தக் கைவிடலையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கிளம்பும் முன் தம்பி ஒன்றைக் காட்டினான். ஜானி கேஷ் 1956-ல் இங்கே பதிவு செய்த 'ஐ வாக் த லைன்' பாட்டில் சரசரவென்று டிரம்ஸ் மாதிரி ஒரு சத்தம் வரும், ஆனால் டிரம்ஸ் கிடையாது. கிட்டார் தந்திகளுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகி வாசித்தார். ராத்திரி மோட்டல் அறையில் தம்பி டிக்கெட்டைச் செருகிச் செய்து பார்த்தான். முதல் தடவை சத்தம் அமுங்கிவிட்டது. டிக்கெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு தந்திக்கு மேல் ஒரு தந்திக்குக் கீழ் என்று பின்னியதும் அதே சரசரப்பு அப்படியே வந்தது.

இரண்டாம் நாள்

கிரேஸ்லேண்டுக்குக் காலையில் போனோம். எல்விஸ் வீடு. கூட்டம். பார்த்தோம், கல்லறையில் ஒரு நிமிடம் நின்றோம், வந்தோம். அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அன்று மதியத்திலிருந்து ராத்திரிவரை மெக்லமோர் அவென்யூ தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனி இருந்த இடம் அது. ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற தம்பியும் அக்காவும், இரண்டு பேருடைய பெயரிலிருந்தும் ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்து. தம்பி ஜிம் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு கிராமத்து ஃபிடில் வாசித்தவர். ரெக்கார்டிங் மெஷின் வாங்கப் பணமில்லாதபோது அக்கா வீட்டை அடமானம் வைத்தார். (இதைப் படித்ததும் என் தம்பி என்னைப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.) 1960-ல் ஓடாமல் கிடந்த கேபிடல் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். திரை இருந்த மேடை கட்டுப்பாட்டு அறை ஆனது. தின்பண்டம் விற்ற இடம் எஸ்டெல்லின் இசைத்தட்டுக் கடை ஆனது. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் தரையைச் சமன்படுத்தக் காசில்லை. கொட்டகைத் தரை எப்படி இருக்கும், பின்னாலிருந்து திரையை நோக்கிச் சரிந்து இறங்கும் இல்லையா, அப்படியே விட்டார்கள். தரையும் கூரையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாததால் சத்தம் முட்டித் திரும்பும் விதமே வேறாகிவிட்டது. ஸ்டாக்ஸ் பாட்டுகளில் கேட்கும் அந்தக் கனத்துக்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம் என்று அங்கே வாசித்தவர்களே சொன்னார்கள்.

இப்போது இருப்பது பழைய கட்டடம் இல்லை. கம்பெனி 1975 டிசம்பரில் திவாலாகி, 1989-ல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பல வருஷம் புல் முளைத்த காலி மனை. 2003-ல் அதே இடத்தில், அதே முகப்போடு, உள்ளே அதே சாய்ந்த தரையோடு மியூசியமாகக் கட்டினார்கள். பக்கத்திலேயே அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளியும் நடத்துகிறார்கள். நாங்கள் போனபோது ஒரு பையன் டிரம்பெட் பெட்டியை முதுகில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

சாய்வு கண்ணுக்குத் தெரிவதைவிடக் காலுக்குத்தான் தெரிகிறது. நடக்கும்போது முழங்கால் தானாகக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது.

எஸ்டெல்லின் கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கூடுவார்கள். புதிதாகப் பதிவு செய்த பாட்டை எஸ்டெல் அங்கேயே போட்டுக் காட்டுவார், கால் தாளம் போடுகிறதா இல்லையா என்று பார்ப்பார். சன் ஸ்டுடியோ கைவிட்ட ரூஃபஸ் தாமஸ் தன் மகள் கார்லாவோடு வந்தது இந்த வாசலுக்குத்தான், அவர்கள் பாட்டுதான் இந்தக் கம்பெனியின் முதல் வெற்றி. கடையில் சுற்றிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் புக்கர் டி. ஜோன்ஸ். 1962-ல் வேறொரு பாடகரின் ரெக்கார்டிங் முடிந்து நேரம் மிச்சமிருந்தபோது அவர் ஆர்கனில் ஒரு மெட்டை ஆரம்பிக்க, ஸ்டீவ் கிராப்பர் கிட்டாரும், லூயி ஸ்டைன்பெர்க் பேஸும், அல் ஜாக்சன் டிரம்ஸும் சேர்ந்துகொண்டார்கள். 'கிரீன் ஆனியன்ஸ்'. தட்டின் பின்பக்கத்துக்காகப் போட்ட பாட்டு. புக்கர் டி.-க்கு அப்போது வயது 17.

பின்னால் டொனால்ட் "டக்" டன் பேஸுக்கு வந்தார். ஆக, இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். வெளியே இவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர் அது. உள்ளே நாள்முழுக்க ஒரே அறையில், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள்.

அவர்களுடைய தாளத்தை என் தம்பி எனக்குக் கைதட்டிக் காட்டினான். 1965-ல் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' பதிவின்போது ஸ்டாக்ஸ் பாட்டுகளை நாடெங்கும் வெளியிட்ட அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்து, நியூயார்க் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று தானே ஆடிக் காட்டினார். இரண்டாவது, நாலாவது அடியில்தான் உடம்பு விழ வேண்டும். அல் ஜாக்சனும் கிராப்பரும் அந்த அடியை இம்மியளவு தாமதித்துப் போட்டார்கள். அவசரப்படாமல், கொஞ்சம் காக்கவைத்து. தம்பி ஒன்று இரண்டு என்று எண்ணும்போது நான் தட்டிய தட்டு ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டே போனது, ஏழெட்டு தடவைக்குப் பிறகுதான் பிடிபட்டது. பிடிபட்ட அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஓடிஸ் ரெடிங் 1962-ல் இங்கே வந்தது இன்னொரு குழுவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு. கடைசியில் மிஞ்சிய நேரத்தில் ஒரு பாட்டுப் பாடவிட்டார்கள், அதிலிருந்து ஐந்து வருஷம் ஸ்டாக்ஸின் குரலே அவர்தான். 1967 டிசம்பர் முதல் வாரத்தில் 'டாக் ஆஃப் த பே' பாட்டின் வேலையில் இருந்தார், முடிவில் சும்மா விசில் அடித்து வைத்தார். டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மோனோனா ஏரியில் விமானம் விழுந்தது. 26 வயது. கூட இருந்த பார்-கேஸ் குழுவில் நான்கு பேர் போனார்கள், எல்லாம் அப்போதுதான் பள்ளிக்கூடம் தாண்டிய வயது, அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளைகள். பென் காலி மட்டும் சீட்டு மெத்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். கிராப்பர் அந்தத் துக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டை முடித்து, அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து அனுப்பினார். அமெரிக்காவில் பாடியவர் இறந்தபின் முதலிடத்துக்குப் போன முதல் பாட்டு அதுதான்.

மூன்றாம் நாள்

லொரேன் மோட்டல். இன்று எழுதுவது கஷ்டம், சுருக்கமாகவே எழுதுகிறேன்.

வால்டர், லோரி பெய்லி என்ற கறுப்பினத் தம்பதியின் விடுதி. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார முடிந்த சில இடங்களில் ஒன்று, அதனால் ஸ்டாக்ஸ்காரர்களுக்கு இது இரண்டாவது வீடு மாதிரி. 'இன் த மிட்நைட் அவர்' இங்கேதான் எழுதப்பட்டது. 'நாக் ஆன் வுட்' பாட்டை எடி ஃப்ளாய்டும் கிராப்பரும் இங்கே ஒரு அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே இடி மின்னல், அந்த இடி மின்னல் அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டது.

1968 ஏப்ரல் 4 மாலை, 306-ஆம் எண் அறை வாசலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக வந்திருந்தார். அந்த பிப்ரவரியில் இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் அரவையில் சிக்கி இறந்ததிலிருந்து எழுந்த போராட்டம். பால்கனியிலிருந்து கீழே நின்ற சாக்ஸஃபோன் கலைஞர் பென் பிராஞ்ச்சிடம், இன்று ராத்திரி அந்தப் பக்திப் பாட்டை நன்றாக வாசியுங்கள் என்று கேட்டதுதான் அவர் கடைசியாகப் பேசியது. 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்'. சத்தம் கேட்ட அதிர்ச்சியில் லோரி பெய்லி விழுந்தார், கிங்கை அடக்கம் செய்த அதே நாளில் இறந்தார்.

கீழே பழைய கார்கள் நிற்கின்றன, பால்கனிக் கம்பியில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு மலர் வளையம். விடுதி இப்போது குடிமை உரிமைப் போராட்ட மியூசியம். 306-ஐக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கலைந்த படுக்கை, காபிக் கோப்பை. தம்பி வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மெக்லமோரிலிருந்து இங்கே வரச் சில மைல்தான்.

அதற்குப் பிறகு ஸ்டாக்ஸுக்குள் யாரும் யாரிடமும் பழைய மாதிரி பேசிக்கொள்ள முடியவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்திலேயே இன்னொரு அடி. அட்லாண்டிக்கோடு போட்ட ஒப்பந்தத்தை ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார், அதன்படி அதுவரை அட்லாண்டிக் வெளியிட்ட ஸ்டாக்ஸ் பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஓடிஸின் பாட்டுகள் உட்பட. 1969-ல் அல் பெல் என்ற மனிதர் ஒரே மூச்சில் 27 ஆல்பங்கள் வெளியிட்டுக் கம்பெனியை மறுபடி தூக்கி நிறுத்தினார்.

ராத்திரி பீல் ஸ்ட்ரீட் போனோம். இசை இருந்தது. மனம் இல்லை.

நான்காம் நாள்

ஹைவே 72-ல் கிழக்கே, மிசிசிப்பியின் மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அலபாமாவுக்கு. மூன்று மணி நேரப் பயணம், அயூக்கா தாண்டி டயர் பஞ்சர் ஆனதால் நாலரை ஆகிவிட்டது. ஸ்டெப்னி மாட்ட உதவிய பெரியவர் பின்சீட்டில் இருந்த கிட்டார் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஃபேம் போறீங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மசில் ஷோல்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, ஃப்ளாரன்ஸ். டென்னசி ஆற்றின் இரு கரையிலும் ஒட்டி ஒட்டி நாலு சின்ன ஊர்கள். சன் ஸ்டுடியோ சாம் ஃபிலிப்ஸ் பிறந்தது இந்தப் பக்கம்தான், புளூஸின் தந்தை என்று பெயர் வாங்கி பீல் ஸ்ட்ரீட்டில் சிலையாக நிற்கும் டபிள்யூ. சி. ஹேண்டி பிறந்ததும் ஃப்ளாரன்ஸில்தான். மெம்பிஸில் தொடங்கி இங்கே வர வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபேம் ஸ்டுடியோவைக் கட்டியவர் ரிக் ஹால். கையில் காசு வந்தது ஆர்தர் அலெக்சாண்டர் என்ற உள்ளூர் கறுப்பினப் பாடகரின் முதல் ஹிட்டிலிருந்து. ஹோட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் ஆரம்ப நாட்களில் இவருடைய பாட்டுகளை எடுத்துப் பாடினார்கள், இவரோ பின்னாளில் கிளீவ்லாண்டில் பஸ் ஓட்டிப் பிழைத்தார். இவர் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே ஓரமாக ஒரு வுர்லிட்சர் மின்பியானோ. 1967 ஜனவரி 24 அன்று பாடகி அரீதா ஃபிராங்க்ளின் இந்த அறைக்கு வந்தார். வேறொரு பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் பாடியும் அவருடைய குரலுக்கேற்ற பாட்டு அமையவில்லை. இங்கே வாசிக்க இருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பையன்கள். 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' பாட்டை எப்படி எடுப்பதென்று ஒருவருக்கும் புரியவில்லை, கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா தடவிக்கொண்டிருந்தார்கள். ஸ்பூனர் ஓல்டம் வுர்லிட்சரில் தயங்கித் தயங்கி ஒரு சின்ன இழையைப் பிடித்தார். அவ்வளவுதான், அரீதா பியானோவில் உட்கார்ந்தபடி பாட ஆரம்பிக்க, சில மணி நேரத்தில் பாட்டு முடிந்தது. அந்தத் தட்டின் முதல் நான்கு விநாடியைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தயக்கம் அப்படியே இருக்கும்.

அன்றே சண்டையும் வந்தது. குழுவில் வாசித்த ஒருவருக்கும் அரீதாவின் கணவருக்கும் வாய்த்தகராறு, ராத்திரி ரிக் ஹால் சமாதானம் பேச ஹோட்டலுக்குப் போய் அது கைகலப்பானது. மறுநாள் அரீதா ஊரைவிட்டே போய்விட்டார். வெக்ஸ்லர் அந்தப் பையன்களையே நியூயார்க்குக்கு வரவழைத்தார். பிப்ரவரி 14 அன்று அங்கே பதிவானது 'ரெஸ்பெக்ட்'. அது ஓடிஸ் ரெடிங் எழுதி 1965-ல் ஸ்டாக்ஸில் பாடிய பாட்டு. ஓடிஸின் பாட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கிறான், அரீதா அதையே பெண்ணின் குரலில் திருப்பிக் கேட்டபோது ஒரு தலைமுறையே எழுந்து நின்றது. அந்த ஜூனில் மான்ட்டரே இசை விழா மேடையில் ஓடிஸ், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன பாட்டு இது என்று சொல்லித்தான் பாடினார். ஆறு மாதத்தில் அந்த ஏரி.

ஐந்தாம் நாள்

3614, ஜாக்சன் ஹைவே, ஷெஃபீல்ட். ரிக் ஹாலிடம் வாசித்துக்கொண்டிருந்த நாலு பேர், பாரி பெக்கெட், ராஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹூட், ஜிம்மி ஜான்சன், 1969-ல் ஃபேமிலிருந்து பிரிந்து வந்து சொந்தமாக ஆரம்பித்த இடம். அதற்கு முன் சவப்பெட்டி விற்ற கட்டடம். எதிரே கல்லறைத் தோட்டம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு மேல் மதிக்க மாட்டீர்கள். பாழாகக் கிடந்ததை மீட்டு 2017-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

1969 டிசம்பர் 2 முதல் 4 வரை ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கே மூன்றே நாளில் மூன்று பாட்டு பதிவு செய்தார்கள். 'வைல்ட் ஹார்ஸஸ்' பாட்டின் மிச்சத்தை கீத் ரிச்சர்ட்ஸ் உட்கார்ந்து எழுதியது அங்கிருக்கும் குட்டிக் கழிவறையில். அதையும் காட்டுகிறார்கள். ஒருவர் நின்றால் இன்னொருவருக்கு இடமில்லை.

ஆனால் தம்பி வந்தது டேவிட் ஹூட்டுக்காக. 1972-ல் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடிய 'ஐ வில் டேக் யூ தேர்', ஸ்டாக்ஸ் வெளியிட்ட பாட்டு, பதிவானது இந்த அறையில். மெம்பிஸின் அல் பெல் எழுதி, சிகாகோவின் ஒரு பக்திக் குடும்பம் பாடி, அலபாமாவின் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாட்டு, அதன் பேஸ் ஆரம்பமோ ஜமைக்காவின் ஒரு ரெக்கே இசைத்தட்டிலிருந்து வந்தது. நடுவில் பேஸுக்கென்று ஒரு இடம் வரும், மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாடிக்கொண்டே ஹூட்டைப் பெயர் சொல்லி அழைப்பார். இதைக் கேட்ட பாடகர் பால் சைமன், அந்த ஜமைக்காக் கறுப்பர்களோடு எனக்கும் ஒரு பதிவு வேண்டும் என்று அல் பெல்லுக்குப் போன் செய்தார். அவர்கள் கொஞ்சம் வெளுத்த ஆட்கள் என்று பதில் வந்தது. மெம்பிஸில் டூயி ஃபிலிப்ஸ் கேட்ட பள்ளிக்கூடக் கேள்வி எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ரேடியோவில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே சைமன் ஆள் யாரென்று தெரிந்த பிறகும் வந்தார், பதிவு செய்தார், 'கோடாக்ரோம்' பாட்டு அப்படித்தான் கிடைத்தது.

டேவிட் ஹூட் உட்கார்ந்து வாசித்த மூலை எது என்று தம்பி வழிகாட்டியிடம் இரண்டு தடவை கேட்டான். அவர் இரண்டு தடவையும் பொறுமையாகக் காட்டினார்.

வெளியே வந்து காரின் பின்கதவைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து பெட்டியிலிருந்து பேஸை எடுத்தான். ஆம்ப் இல்லை. வாசிக்க ஆரம்பித்தான், ஹைவேயில் போகும் லாரிச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, விரல் அசைவது மட்டும்தான் தெரிந்தது. "அக்கா, இங்க காதை வை" என்று கிட்டாரின் மேல்கொம்பைக் காட்டினான். குனிந்து மரத்தில் காதை ஒட்டவைத்தேன். அப்போது கேட்டது, உள்ளேயிருந்து, அந்த மெட்டு, இரண்டாவது அடியைக் கொஞ்சம் காக்கவைத்து.